தாழ்வாரத் தொட்டியில் மல்பெரி: கவாத்து செய்து காய்க்க வைக்கும் முழு வழிகாட்டி

குளிர்நாடுகளில் கொத்தாகக் காய்க்கும் சிறு சிவப்புப் பழமான ரெட் கரன்ட்டின் விதையை இணையத்தில் வாங்கி, குளிர்பதனப் பெட்டியில் வைத்து முளைக்க வைப்பவர்கள் சிங்கப்பூரில் உண்டு. செடி வரலாம், பழம் வராது. ரகத்தைப் பொறுத்து ஏறத்தாழ 800 முதல் 1,500 மணி நேரம் 7 டிகிரிக்குக் கீழே கிடந்தால்தான் அதன் மொட்டுகள் சரியாக விழிக்கும். இங்கே நடுராத்திரியிலும் 23, 24 டிகிரிக்குக் கீழே இறங்குவது அபூர்வம். உரமோ ஊக்கியோ இந்தக் குறையைச் சரிக்கட்டாது.

அதே புளிப்பும் சாறும் வேண்டும், ஜாம் காய்ச்ச வேண்டும், கொத்துக் கொத்தாகப் பறிக்க வேண்டும் என்றால், இந்த ஊருக்கு ஏற்ற செடி மல்பெரி. முசுக்கட்டை என்றும் சொல்வார்கள். குளிர்நாடுகளில் அதுவும் குளிர்காலத்தில் இலை கொட்டி, வசந்தத்தில் புதுத் துளிரோடு பூக்கும் மரம்தான். ஆனால் இங்கே விற்கும் வெப்பமண்டல வகைகளுக்குக் குளிர் தேவையில்லை. இலையை நீக்கி, கிளையை வெட்டினால் போதும், பருவம் மாறிவிட்டது என்று எடுத்துக்கொண்டு செடி பூவோடு துளிர்க்கும். ஆக, பருவம் இல்லாத ஊரில் பருவத்தை உண்டாக்குவது உங்கள் கையில் இருக்கும் கத்தரி. இந்த வழிகாட்டியில் கவாத்துக்கு அதிக இடம் கொடுத்திருப்பது அதனால்தான்.

ரெட் கரன்ட் ஜெல்லியின் சிவப்பும் புளிப்பும் மட்டும் போதும், செடி எதுவானாலும் சரி என்பவர்கள் ரோசெல் போடலாம். புளிச்சக்கீரையின் நெருங்கிய சொந்தம், நாலைந்து மாதத்தில் சிவந்த புல்லிவட்டம் (பூவின் அடியிலுள்ள சதைப்பற்றான உறை) தரும். களாக்காயும் நல்ல செடிதான், ஆனால் அதன் முள்ளை நினைத்தால், பிள்ளைகள் ஓடும் தாழ்வாரத்துக்குச் சிபாரிசு செய்ய முடியாது.

எந்தச் செடியை வாங்குவது

பலர் தோற்பது இங்கேதான். சேலம், தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம் பட்டுப்புழுவுக்காக வளர்க்கும் மல்பெரி இலைக்காகத் தேர்ந்தெடுத்த ரகம். வி1 போன்றவை பெரிய இலையாகத் தள்ளும். பழத்துக்கு அவற்றை நம்ப முடியாது. ஊரிலிருந்து குச்சி கொண்டுவர நினைப்பவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். இந்தியாவிலிருந்து செடியோ குச்சியோ கொண்டுவர, தேசியப் பூங்காக் கழகத்தின் இறக்குமதி அனுமதியும் அங்கிருந்து தாவர நலச் சான்றிதழும் வேண்டும். கைப்பையில் போட்டுக்கொண்டு சாங்கியில் இறங்குவது சட்டப்படி குற்றம். செடியோடு வரும் பூச்சி இங்குள்ள மற்றச் செடிகளுக்கும் தொல்லை.

நர்சரியில் வாங்கும்போது பழமோ பிஞ்சோ தொங்கும் செடியாகப் பார்த்து வாங்குங்கள். மல்பெரியில் ஆண் பூ மட்டும் பூக்கும் செடிகளும் உண்டு. மகரந்தத் தூளை உதிர்ப்பதோடு அவற்றின் வேலை முடிந்தது. பிஞ்சு தெரிந்தால் அந்தச் சந்தேகம் இல்லை. பழ மல்பெரிகளில் பல, மகரந்தச் சேர்க்கை இல்லாமலே காய்க்கும் என்பதால் துணைச் செடி தேடி அலைய வேண்டாம். விரல் நீளத்துக்குப் பழம் தரும் நீள வகை கண்ணுக்கு அழகு. ஆனால் தொட்டியில், அதுவும் இந்தத் தட்பவெப்பத்தில், 2 முதல் 3 செ.மீ. நீளத்தில் கறுத்துப் பழுக்கும் சிறிய வகையே நம்பகமானது. முதல் செடி அதுவாகவே இருக்கட்டும்.

வெயில் எந்தப் பக்கம் வருகிறது

நேரடி வெயில் ஒரு நாளைக்கு 6 மணி நேரம் வேண்டும். 4 மணி நேரத்தில் செடி பிழைக்கும், பழம் பேருக்குத்தான். 3 மணி நேரத்துக்கும் குறைவு என்றால் வேறு செடி பாருங்கள்.

சிங்கப்பூர் பூமத்திய ரேகைக்கு ஒன்றேகால் டிகிரி வடக்கே இருப்பதால் சூரியன் ஆண்டில் பாதி வடக்கிலும் பாதி தெற்கிலும் நிற்கும். வடக்கு பார்த்த தாழ்வாரத்துக்கு மே முதல் ஜூலை வரை நல்ல வெயில். நவம்பர் முதல் ஜனவரி வரை ஒரு கீற்றுகூட உள்ளே வராது. தெற்கு பார்த்ததற்கு நேர் எதிர். வீடு பார்க்க வந்த மாதத்தில் தாழ்வாரம் பளிச்சென்று இருந்ததே, இப்போது ஏன் இல்லை என்று குழம்புபவர்களுக்கு விடை இதுதான். கிழக்கும் மேற்கும் ஆண்டு முழுக்க ஓரளவு சீராக இருக்கும். மேற்கு வெயிலில் தொட்டி சூடேறும் என்பதால், தொட்டியின் வெயில் படும் பக்கத்தை இன்னொரு தொட்டியாலோ வெள்ளைத் துணியாலோ மறைத்துவிடுங்கள்.

வடக்கு பார்த்த வீட்டுக்கு ஏப்ரல் தொடக்கத்தில் கவாத்து செய்தால் வெயில் உள்ள மே, ஜூனில் பழம் வரும். தெற்கு பார்த்த வீட்டுக்கு டிசம்பர் கடைசியில் செய்வது நல்லது. அக்டோபரில் வெட்டினால் பழுக்கும் நேரம் வடகிழக்குப் பருவமழையில் மாட்டும். டிசம்பர் கடைசி வெட்டு, மழை குறைந்த பிப்ரவரியில் பழுக்கும்.

தொட்டியும் மண்ணும்

சிறிய செடியை நேராகப் பெரிய தொட்டியில் வைக்காதீர்கள். வேர் எட்டாத மண் ஈரம் காயாமல் கிடந்து புளித்துப் போகும். முதல் நாலு மாதம் 25 செ.மீ. தொட்டி, பிறகு 40 செ.மீ. விட்டமும் ஏறக்குறைய அதே ஆழமும் உள்ள தொட்டி, அதாவது சுமார் 40 லிட்டர். அதற்கு மேல் போக வேண்டியதில்லை. ஈர மண்ணோடு 50 கிலோ வரை கனக்கும் என்பதால், மண் போடும் முன்பே சக்கரம் வைத்த பலகையில் ஏற்றிவிடுங்கள்.

மண் கலவையைக் கன அளவில் சொன்னால், கடையில் கிடைக்கும் தொட்டி மண் 2 பங்கு, நன்கு மக்கிய கம்போஸ்ட் 1 பங்கு, பெர்லைட்டோ (எடை குறைந்த வெண்ணிறச் சிறுகல்) பர்ன்ட் எர்த்தோ (சுட்ட மண்) 1 பங்கு. மண்ணின் அமில, கார அளவான பிஎச் 6க்கும் 7க்கும் இடையில் இருந்தால் போதும். தென்னை நார்த்தூளை மட்டும் நிரப்புவது இப்போது வழக்கமாகி வருகிறது. எடை குறைவு என்பது உண்மைதான். ஆனால் அதில் சத்து கிடையாது, மரம் பெரிதானதும் காற்றில் தொட்டியோடு சாயும்.

வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடி வீட்டில் இருப்பவர்கள் மூன்று விஷயங்களைக் கவனிக்க வேண்டும். தாழ்வாரத்தில் தொட்டி போக 1.2 மீட்டர் அகலம் தடையில்லாமல் இருக்க வேண்டும். தீயணைப்பாளர்களும் தூக்குப்படுக்கையும் போகும் வழி அது. மல்பெரி பக்கவாட்டில் விரியும், ஆகவே தொட்டியை மட்டும் அளக்காமல் கிளையையும் சேர்த்து அளந்து பாருங்கள். கைப்பிடிச் சுவரின்மேல் தொட்டி வைக்கவே கூடாது. அடுத்தது டெங்கி. தொட்டிக்கடியில் தட்டு வைக்காமல் இருப்பது உத்தமம். வைத்தே ஆக வேண்டும் என்றால் ஒருநாள் விட்டு ஒருநாள் கொட்டி, உட்புறத்தைத் துடையுங்கள், டெங்கியைப் பரப்பும் ஏடிஸ் கொசுவின் முட்டை தட்டின் ஓரத்தில் ஒட்டிக்கொண்டிருக்கும். மேல்மண் இறுகித் தண்ணீர் தேங்குவதும் கொசுவுக்கு இடம் கொடுக்கும். வாரம் ஒருமுறை சின்னக் கொத்தால் கிளறிவிட்டால் வேருக்கும் நல்லது.

குச்சியிலிருந்து செடி

நண்பர் வீட்டிலோ சமூகத் தோட்டத்திலோ நன்றாகக் காய்க்கும் செடி இருந்தால் கவாத்தின்போது குச்சி கேட்டு வாங்குங்கள். பென்சில் கனம், 15 முதல் 20 செ.மீ. நீளம், மூன்று நான்கு கணு. பச்சையாக வளையும் நுனி வேண்டாம், பழுப்பேறிய முதிர்ந்த பகுதியை எடுங்கள். அடிப்பக்கம் கணுவுக்குச் சற்றுக் கீழே சாய்வாகவும், மேல்பக்கம் நேராகவும் வெட்டினால் தலைகீழாக நடும் தவறு நேராது. எல்லா இலையையும் எடுத்துவிட்டு, மூன்றில் இரண்டு பங்கு மண்ணுக்குள் போகும்படி செருகி, சுற்றிலும் விரலால் அழுத்துங்கள். வெயில் நேராகப் படாத, ஆனால் வெளிச்சமான இடம்.

பத்து நாளில் துளிர் வரும். அது வேர் பிடித்ததற்கு அடையாளம் அல்ல, குச்சியில் சேமிப்பில் இருந்த சத்து துளிர்க்கிறது, அவ்வளவுதான். இந்த நேரத்தில் இழுத்துப் பார்ப்பவர்களும், வேர்விட்டுவிட்டது என்று வெயிலுக்கு நகர்த்துபவர்களும் செடியை இழப்பார்கள். வேர் வர 4 முதல் 6 வாரம் ஆகும். இரண்டாவது முறை வரும் இலைகள் வாடாமல் நின்றால் நம்பலாம். குச்சியின் அடி கறுத்து மெத்தென்று ஆனால் ஈரம் அதிகம். அடுத்த முறை கலவையில் பாதி பெர்லைட்டாக இருக்கட்டும். ஐந்து குச்சி செருகினால் குறைந்தது மூன்று பிடிக்கும்.

முதல் ஆறு மாதம் பழத்தை எதிர்பார்க்காமல் உருவத்தைக் கவனியுங்கள். ஒரே தண்டாக 60 முதல் 80 செ.மீ. வரை விட்டு, நுனியைக் கிள்ளி, மேல்பகுதியில் வரும் கிளைகளில் நாலைந்தை மட்டும் நிறுத்துங்கள். நாலா பக்கமும் விரியட்டும். இந்த எலும்புக்கூடு சரியாக அமைந்தால் பிறகு ஆண்டுக்கணக்கில் அதன்மேலேயே வெட்டி வெட்டிக் காய்க்க வைக்கலாம்.

கவாத்து

மல்பெரியின் பூ, வெட்டிய கிளையில் புதிதாக எழும் துளிரின் இலைக்கணுவில் வரும். பழைய கிளை நீண்டுகொண்டே போனால் இலைதான் மிஞ்சும். பச்சைப்பசேல் என்று கூரையைத் தொடும் செடி வைத்துக்கொண்டு, காய்க்கவில்லையே என்பவர்கள் வெட்ட மனம் வராதவர்கள். வெட்டத்தான் வேண்டும்.

வெட்டுவதற்கு இரண்டு வாரம் முன்பே உரத்தை நிறுத்துங்கள். அன்று காலை கத்தரியைச் சாராயத் துடைப்பானால் துடைத்துக்கொள்ளுங்கள். வெட்டும் இடத்தில் வெள்ளைப் பால் வடியும். சட்டையில் பட்டால் கறை, சிலருக்குத் தோலில் அரிப்பும் வரும், கையுறை போடுவது நல்லது.

முதலில் பென்சிலைவிட மெலிந்த குச்சிகள், உள்நோக்கி வளர்ந்தவை, ஒன்றோடொன்று உரசுபவை எல்லாவற்றையும் அடியோடு எடுங்கள். பிறகு மிஞ்சிய ஒவ்வொரு கிளையிலும் அடியிலிருந்து ஆறேழு மொட்டு விட்டு, வெளிப்பக்கம் பார்த்த மொட்டுக்கு அரை செ.மீ. மேலே சாய்வாக வெட்டுங்கள். மொட்டை ஒட்டி வெட்டினால் காய்ந்து மொட்டும் சாகும். மேலே நிறைய விட்டால் அந்தத் துண்டு பட்டுப்போய் அழுகல் உள்ளே இறங்கும்.

அடுத்து இலை. ஓர் இலைகூட மிச்சம் வைக்காதீர்கள், அழகுக்காக நாலு இலை விட்டால் துளிர்ப்பு ஒழுங்கில்லாமல் போகும். கீழ்நோக்கி உருவினால் பட்டை கிழிந்து, கணுவிலுள்ள மொட்டும் கூடவே வந்துவிடும். காம்பில் ஒரு செ.மீ. விட்டு இலையை மட்டும் கத்தரித்துவிடுங்கள். மிஞ்சிய காம்பு சில நாளில் தானே உதிரும்.

இப்போது செடி மொட்டையாக நிற்கும். அடுத்த வீட்டார் செத்துவிட்டதா என்று கேட்பார்கள். கவலை வேண்டாம், தண்ணீரை மட்டும் கவனியுங்கள். இலை இல்லாத செடி தண்ணீர் குடிக்காது. வழக்கம்போல் தினமும் ஊற்றுவதால் வேர் அழுகித்தான் கவாத்துக்குப் பின் செடி போகிறது, வெட்டியதால் அல்ல. மேலே இரண்டு விரற்கடை மண் காய்ந்த பிறகே ஊற்றுங்கள்.

ஒன்று முதல் இரண்டு வாரத்தில் மொட்டு பருத்து வெடிக்கும். துளிர் ஒரு விரல் நீளம் வருவதற்குள் ஒவ்வொரு இலையின் அடியிலும் பச்சை நிறத்தில் மயிர் படர்ந்த சிறு கதிர் தெரிய வேண்டும். அதுதான் பூ, அதுவே பிஞ்சு. பச்சை வெளிறி, சிவந்து, கடைசியில் கறுக்கும். கவாத்து செய்த நாளிலிருந்து பழம் பறிக்க 6 முதல் 8 வாரம். வெறும் இலைத் துளிர் மட்டும் வந்தால் வெயில் போதவில்லை, அல்லது நைட்ரஜன் உரம் அதிகம், அல்லது செடிக்கு இன்னும் வயது ஆகவில்லை. அந்த வரிசையிலேயே சந்தேகப்படுங்கள்.

ஒரே நேரத்தில் எல்லாக் கிளையையும் வெட்டினால் பழமும் ஒரே வாரத்தில் வந்து தீரும். ஜாம் காய்ச்சுபவருக்கு அது வசதி. பிள்ளைகள் தினம் நாலு பறித்துத் தின்ன வேண்டும் என்றால் பாதிக் கிளையை இப்போதும் மீதியை மூன்று வாரம் கழித்தும் வெட்டுங்கள். ஆண்டுக்கு மூன்று முறை போதும். காய்க்கிறதே என்று இரண்டு மாதத்துக்கு ஒருமுறை வெட்டினால் சேமிப்பு கரைந்து, பழம் சிறுத்து, கிளை நுனியிலிருந்து காயத் தொடங்கும்.

தண்ணீரும் உரமும்

முழு இலையோடு இருக்கும் 40 லிட்டர் தொட்டிச் செடி, வெயில் நாளில் 2 முதல் 3 லிட்டர் குடிக்கும். காலையில் ஊற்றுங்கள். பிஞ்சு இருக்கும்போது ஒருநாள் காயவிட்டால்கூட அடுத்த இரண்டு நாளில் பிஞ்சு உதிரும். பூச்சி என்று மருந்து தேடுபவர்கள் முதலில் மண்ணைத் தொட்டுப் பார்க்கட்டும். பழம் கறுக்கத் தொடங்கியதும் தண்ணீரைக் கொஞ்சம் குறைத்தால் இனிப்பு கூடும். அந்த வாரம் மழை கொட்டினால் பழம் சப்பென்று ஆகி, பூசணமும் பிடிக்கும். தொட்டியைக் கூரைக்குள் தள்ள இங்கேதான் அந்தச் சக்கரப் பலகை உதவும்.

துளிர் விட்டதும் இரண்டு கை நிறைய மண்புழு உரத்தை மேலே தூவி மண்ணில் கிளறிவிடுங்கள். மெதுவாகக் கரையும் என்பிகே (நைட்ரஜன், பாஸ்பரஸ், பொட்டாசியம்) 15-15-15 வகையாக இருந்தால் 30 கிராம், தண்டிலிருந்து ஒரு சாண் தள்ளி, மூன்று மாதத்துக்கு ஒருமுறை. கோழி எருவில் நைட்ரஜன் அதிகம். உருவம் அமைக்கும் காலத்தில் சரி, கவாத்துக்குப் பிறகு வேண்டாம். முதிர்ந்த இலையில் நரம்பு பச்சையாகவும் இடைப்பகுதி மஞ்சளாகவும் ஆனால் மக்னீசியக் குறை. ஒரு லிட்டர் தண்ணீருக்கு 5 கிராம் எப்சம் உப்பு கரைத்து இரண்டு வாரத்துக்கு ஒருமுறை ஊற்றுங்கள்.

பூச்சியும் நோயும்

முதல் எதிரி மாவுப்பூச்சி. நுனித் துளிர் சுருங்கி, தடித்து, கரும்பச்சையாக முடிச்சுப் போட்டதுபோல் இருந்தால் உள்ளே இளஞ்சிவப்பு மாவுப்பூச்சி இருக்கும். பட்டு விவசாயிகள் இதை டுக்ரா என்பார்கள். அந்த நுனி நிமிராது. கிள்ளி, பையில் கட்டி, குப்பையில் போடுங்கள். பிறகு எறும்பைப் பாருங்கள். தேன்போன்ற கழிவுக்காக எறும்பு மாவுப்பூச்சியைப் பாதுகாக்கும், செடிக்குச் செடி பரவவும் உதவும். எறும்பு ஏறும் வழியை அடைக்காமல் மருந்தடிப்பது வீண் வேலை. தொட்டி சுவரையோ வேறு செடியையோ தொடாதபடி நகர்த்தி, தண்டில் காகிதம் சுற்றி அதன்மேல், ஒட்டும் பக்கம் வெளியே இருக்கும்படி, ஒட்டுநாடா சுற்றுங்கள்.

வெள்ளை ஈ, செதில் பூச்சி, மிச்சமுள்ள மாவுப்பூச்சி எல்லாவற்றுக்கும் ஒரு லிட்டர் தண்ணீரில் 5 மி.லி. வேப்பெண்ணெயும் இரண்டு மூன்று சொட்டுப் பாத்திரம் கழுவும் திரவமும் கலந்து, இலையின் அடிப்பக்கம் நனைய, வெயில் இறங்கிய பிறகு அடியுங்கள். ஐந்து முதல் ஏழு நாள் இடைவெளியில் மூன்று முறை. பழம் சிவந்த பின் அடித்தால் கசப்பு ஒட்டிக்கொள்ளும். அப்போது வெறும் தண்ணீரைப் பீய்ச்சி அடித்தால் போதும். இலையை மடித்து நூலால் பிணைத்து உள்ளே தின்னும் பச்சைப் புழுவைக் கையாலேயே நசுக்கிவிடலாம்.

முதிர்ந்த இலையின் அடியில் துருப்போன்ற புள்ளியோ சாம்பல் படர்வோ வந்தால் அந்த இலையை எடுத்துவிட்டு, கிளைகளுக்கிடையே காற்றோட்டம் விடுங்கள். எப்படியும் அடுத்த கவாத்தில் எல்லா இலையும் போகப்போகிறது. மருந்துக் கடைக்கு ஓட வேண்டியதில்லை.

பறவை

மைனாவும் கொண்டைக்குருவியும் பழம் சிவக்கும்போதே வரும், மாங்குயில் வந்தால் கொத்தோடு காலி. முழுச் செடிக்கும் தளர்வாக வலை போர்த்தினால் பறவை சிக்கிக்கொள்ளும். நகைக்கடையிலும் கல்யாணத்திலும் அன்பளிப்புக்குத் தரும் மெல்லிய ஆர்கன்சாப் பை இருக்கிறதே, லிட்டில் இந்தியாவின் தேக்காவில் மலிவாகக் கிடைக்கும், அதைப் பழமுள்ள கிளைத்துண்டுக்கே மாட்டிக் கயிற்றை இழுத்துக் கட்டுங்கள். காற்றும் வெயிலும் போகும், அலகு போகாது, கனிந்து விழும் பழமும் தரையில் சிதறாது. கீழ்வீட்டுக்காரர் மூங்கில் கழியில் காயப்போட்ட வெள்ளைச் சட்டையில் ஊதா நிறத்தில் பறவை எச்சம் விழுந்தால் அக்கம்பக்க உறவு கெடும். அதற்காகவாவது பை மாட்டுங்கள்.

பறிப்பும் ஜாமும்

முழுக்கக் கறுத்து, விரலால் தொட்டதும் கையோடு வந்தால் பழுத்தது. இழுக்க வேண்டியிருந்தால் நாளை வாருங்கள். பறித்த பழம் அதற்குமேல் இனிக்காது, குளிர்பதனப் பெட்டியில் இரண்டு நாளுக்குமேல் தாங்காது. கொஞ்சம் கொஞ்சமாகக் கிடைப்பதைக் கழுவி, ஈரம் போக உலர்த்தி, உறைபெட்டியில் சேர்த்துவையுங்கள். பச்சைக் காயைப் பிள்ளைகள் வாயில் வைக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள், வயிற்றைக் கலக்கும்.

ஜாமுக்கு 500 கிராம் பழம் என்றால் கால் பங்கு சிவப்பு நிலையில் பறித்ததாக இருக்கட்டும். கறுத்த பழத்தில் ஜாமை இறுக வைக்கும் பெக்டினும் புளிப்பும் குறைவு. தனியாகக் காய்ச்சினால் பாகாக ஓடும். 300 கிராம் சர்க்கரை, இரண்டு பெரிய எலுமிச்சையின் சாறு. கலமன்சி என்ற சிறிய எலுமிச்சை வகை என்றால் ஏழெட்டு வேண்டும். ஒரு மணி நேரம் ஊறவைத்து, அகலப் பாத்திரத்தில் இடைவிடாமல் கிளறி, 104 டிகிரி வரும்வரை காய்ச்சுங்கள். வெப்பமானி இல்லையென்றால் குளிர்ந்த தட்டில் ஒரு துளி விட்டு விரலால் தள்ளிப் பாருங்கள், சுருக்கம் விழுந்தால் இறக்கலாம். சர்க்கரை குறைவான ஜாம் என்பதால் குளிர்பதனப் பெட்டியில் வைத்து ஒரு மாதத்துக்குள் தீர்த்துவிடுங்கள்.

வேரைக் குறைப்பது

இரண்டு ஆண்டுக்குள் வேர் தொட்டியை நிரப்பி, வடிகால் துளை வழியே வெளியே தலைகாட்டும். ஊற்றும் தண்ணீர் மண்ணில் இறங்காமல் ஓரமாக வழிந்தோடுவதும் காலையில் ஊற்றியது மாலையில் வாடுவதும் அதன் அறிகுறி. கவாத்து செய்யும் அன்றே இதையும் முடியுங்கள். மேலே இலை இல்லாதபோது கீழே வேர் குறைவதைச் செடி தாங்கும். தொட்டியைச் சாய்த்து வேர்க்கட்டியை வெளியே எடுத்து, பழைய ரம்பக் கத்தியால் சுற்றிலும் 4 செ.மீ., அடியில் 5 செ.மீ. அறுத்துவிட்டு, புதுக் கலவை போட்டு அதே தொட்டியில் வையுங்கள். ஒரு வாரம் நிழல், ஒரு மாதம் ரசாயன உரம் கிடையாது.

தரைவீட்டில் மண்ணில் நடுபவர்கள் சுவர், சாக்கடை, குழாய் எல்லாவற்றிலிருந்தும் 4 மீட்டராவது தள்ளி நடுங்கள். அவ்வளவு இடம் இல்லையென்றால் அவர்களும் தொட்டியிலேயே வைப்பது நல்லது. புளோக்கின் கீழுள்ள புல்வெளி நகர மன்றத்தின் பொறுப்பில் உள்ள பொது இடம். அனுமதி இல்லாமல் அங்கே நட்டால் என்றைக்கு வேண்டுமானாலும் பிடுங்கிப் போடலாம். பக்கத்துச் சமூகத் தோட்டக் குழுவிடம் கேளுங்கள், பொதுவில் வைக்க ஒரு மல்பெரிக்கு இடம் தரக்கூடும்.